துவோமெனீஸும் ஒன்றும் சாப்பிடாத பிள்ளைகளும்

ஒஸ்லோவில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகத்தைப் பற்றி யாரிடம் சொன்னாலும், அவர்கள் வீட்டுக் கணினி அன்றைக்குத்தான் பழுதாகியிருக்கும். "டேட்டாவோடு வேலை செய்கிறேன்" என்பேன். நோர்வேயில் அந்தச் சொல்லைக் கேட்டால் எல்லோருக்கும் முதலில் கணினிதான் நினைவுக்கு வரும். "அப்ப எங்கட பெட்டியையும் ஒருக்காப் பாருங்கோவன் தங்கச்சி, இண்டைக்குக் காலமை தொடங்கி இழுத்துக்கொண்டு கிடக்குது" என்று எழுந்து முன்னே நடப்பார்கள். எனக்குக் கணினி திருத்தத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. போய், வயர்களைக் கழற்றி மறுபடி மாட்டிவிட்டு வருவேன். சில வேளை அது வேலை செய்யவும் தொடங்கும். அதனால் என் புகழ் நகர எல்லையிலுள்ள ஸ்டோவ்னர் வரைக்கும் பரவியது.

உண்மையில் என் வேலை கேள்வி கேட்பது. அது இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. நகரத்தின் கிழக்குப் பக்கத்துக் குடும்பங்களில், பள்ளிக்கூட வயதை எட்டாத பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று ஒரு சிறிய ஆய்வு நிறுவனம் கண்டறிய முயன்றது. நோர்வேஜியர், பாகிஸ்தானியர், சோமாலியர், தமிழர் என்று நான்கு கூட்டத்தாரின் வீடுகளுக்கும் போய்க் கேட்க, அந்தந்த மொழி பேசுகிறவர்களைச் சேர்த்தார்கள். நான் யாழ்ப்பாணத்தில் புள்ளியியல் படித்தவள். கலியாணமாகி இங்கே வந்து, மொழி படித்து, பிள்ளை பெற்று, அதன் பிறகு எழுதிய விண்ணப்பங்களுக்கு வந்த ஒரே நல்ல பதில் அதுதான். தற்காலிக வேலை. ஆய்வு முடிந்தால் வேலையும் முடியும். நன்றாக முடிந்தால் நிரந்தரமாக வைத்துக்கொள்ள இடமுண்டு என்று திட்டத் தலைவி முதல் நாளே சொல்லியிருந்தார். அந்த "நன்றாக" என்ற சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் மகளுக்கு மூன்று வயது ஆகவில்லை. நகரத்தின் கிழக்கே அம்மருட் என்ற இடத்தில், உயர்ந்த அடுக்குமாடி ஒன்றின் மேல்தளத்தில் இருந்தோம். காலையில் அவளைப் பார்னஹாகெயில், அதுதான் இங்கத்தைய சிறுவர் பள்ளி, விட்டுவிட்டு ரயில் நிலையத்துக்கு ஓடும்போதெல்லாம் எதையோ மறந்துவிட்டேன் என்றே தோன்றும். கையுறை வைத்தேனா? வைத்தேன். மாற்றுக் காலுறைச் சோடி? அதுவும் வைத்தேன். அப்படியானால் ஏன் மனம் இப்படி அடித்துக்கொள்கிறது? ஊரார் பிள்ளைகளின் சாப்பாட்டைக் குறிக்கப் போகிறவள், தன் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியில் முட்டையைப் பாதியாக வெட்டி வைத்தாளா, முழுதாக வைத்தாளா, முழுதென்றால் தொண்டையில் அடைக்காதா என்று யோசித்துக்கொண்டு ரயிலில் இருப்பாள்.

பயிற்சி வகுப்பில் எங்களுக்கு ஒரு விதியைத்தான் அழுத்திச் சொன்னார்கள். மக்கள் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. விதி என்று ஒன்று இருந்தால் எனக்கு நிம்மதி. அதைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

ஹவுகன்ஸ்டுவாவில் ஓர் அக்கா இருந்தார். என்னை முன்பின் கண்டதில்லை. ஆனாலும் நான் சப்பாத்தைக் கழற்றி முடிப்பதற்குள் என் ஊர், நான் படித்த பள்ளிக்கூடம், என் கணவர் பக்கத்து ஆட்கள் எல்லாவற்றையும் கேட்டு அறிந்துவிட்டார். தேநீர் வந்தது. றோல்ஸ் வந்தது. கேக் வந்தது. அவருடைய நான்கு வயது மகன் சோபாவின் முனையில் இருந்தான். நான் தாளை விரித்து முதல் கேள்வியை வாசித்தேன்.

"தம்பி நல்லாச் சாப்பிடுவாரோ அக்கா?"

"ஐயோ, அதையேன் கேக்கிறீர்! ஒண்டும் சாப்பிடுறானில்லை. காத்தைக் குடிச்சுத்தான் வளருறான்."

காற்றைக் குடித்து வளர்பவன் அப்போது ஒரு கையில் றோல்ஸும் மறுகையில் வாழைப்பழமும் வைத்திருந்தான்.

"நேற்றுக் காலமை என்ன சாப்பிட்டவர்?"

"ஒண்டுமில்லை."

"மத்தியானம்?"

"ரெண்டு வாய். அதுவும் என்ரை கரைச்சல் தாங்கேலாமல்."

"இரவு?"

"தண்ணியைக் குடிச்சிட்டுப் படுத்திட்டான்."

மகன் றோல்ஸை முடித்துவிட்டு, "அம்மா, இன்னொண்டு" என்றான். அக்கா தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீரே? இப்பிடித்தான். ஒண்டுமே தின்னுறானில்லை."

எனக்கு விளங்கியது. விளங்காமல் இருக்குமா? பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறது என்று வெளியாளிடம் சொல்லும் தமிழ்த் தாயை நான் கண்டதில்லை. சொன்னால் கண்ணூறு பட்டுவிடும். அடுத்த நாளே பிள்ளைக்கு வயிற்றோட்டம் பிடிக்கும். உண்மையிலேயே நம்புகிறீர்களா என்று கேட்டால், படித்த நாங்கள் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வோம். ஆனாலும் வாயைத் திறந்து "நல்லாச் சாப்பிடுது" என்று சொல்லமாட்டோம். நானும் சொன்னதில்லை. விளங்கினாலும் விதி விதிதானே. தாளில் "மிகக் குறைவு" என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டேன்.

அடுத்த வீட்டிலும் அதுவே. அதற்கடுத்த வீட்டிலும் அதுவே. ஒரு வீட்டில் அப்பாவும் அம்மாவும் மாறி மாறிப் பிள்ளையின் பட்டினியை விவரித்தார்கள். பிள்ளை மேசைக்குக் கீழே இருந்து மிக்ஸர் தின்றுகொண்டிருந்தது. நான் புள்ளடி போட்டுக்கொண்டே போனேன். போட்டது சரியா என்று ஒவ்வொரு நாளும் ரயிலில் என்னையே கேட்டேன். சொன்னதைத்தானே எழுதினேன் என்று பதிலும் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் தாள்களைக் கணினியில் ஏற்றி அட்டவணையாக்குபவள் லித்துவேனியாவிலிருந்து வந்த ஒரு பெண். என் வயதுதான். இருவருக்கும் ஒரே அறை. அவள் பேசும் நொர்ஸ்க் மொழியும் நான் பேசுவதும் வேறு வேறு விதமாகக் கரடுமுரடானவை. அதனாலோ என்னவோ ஒருவர் சொல்வது மற்றவருக்கு உடனே புரியும். ஒரு நாள் அவள் தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. உன் ஆட்கள் ஏன் பிள்ளைகளைப் பட்டினி போடுகிறார்கள்?"

திரையில் நான்கு தூண்கள் நின்றன. மூன்று தூண்கள் ஏறக்குறைய ஒரே உயரம். நான்காவது தூண், அவற்றின் பக்கத்தில், வெட்டிவிட்ட மரத்தின் அடிக்கட்டை போல இருந்தது. அதன் கீழே "தமிழ்" என்று எழுதியிருந்தது.

அன்றைக்கே திட்டத் தலைவி என்னை அழைத்தார். குரலை உயர்த்தாத பெண்மணி. குரல் உயர்ந்திருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

"இதற்கு இரண்டு விளக்கங்கள்தான் இருக்க முடியும்," என்றார். "ஒன்று, கேள்வி கேட்டவரிடம் பிழை. அல்லது, இந்தப் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே சாப்பாடு கிடைக்கவில்லை. இரண்டாவதென்றால் நான் பேசாமல் இருக்க முடியாது. மேலே தெரிவித்தே ஆக வேண்டும்."

மேலே என்றால் எங்கே என்று எந்தத் தமிழ்த் தாய்க்கும் இங்கே விளக்கத் தேவையில்லை. பிள்ளைகளைச் சரியாகப் பார்க்கவில்லை என்று சிறுவர் நல அலுவலகத்தில் ஒரு வரி எழுதப்பட்டால் பிள்ளையையே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எங்கள் கலியாண வீடுகளிலும் கோயில் வீதியிலும் ஆயிரம் கதைகள் உலவின. கதைகளில் எவ்வளவு உண்மை என்று யாருக்கும் தெரியாது. பயம் மட்டும் முழு உண்மை. அந்த வரி இப்போது என் கையெழுத்தில் இருந்தது. அவர்களுடைய தேநீரைக் குடித்துவிட்டு நானே எழுதியது.

கண்ணூறைப் பற்றி எனக்குத் தெரிந்த நொர்ஸ்க்கில் சொன்னேன். பிள்ளையைப் புகழ்ந்தால் அதற்குக் கேடு வரும் என்று ஒரு பழக்கம், அதனால் எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள் என்றேன்.

"அப்படியானால் அவர்கள் பொய் சொல்கிறார்களா?"

"இல்லை."

"அப்படியானால் சொல்வது உண்மையா?"

"அதுவும் இல்லை."

அவர் பேனையை மேசையில் வைத்தார். "இதை நான் அறிக்கையில் எப்படி எழுதுவேன், சொல்லு. பெற்றோரின் அனுமதியோடு பிள்ளைகளின் நிறையையும் மருத்துவ நிலையத்திலிருந்து வாங்கியிருக்கிறோம். எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அதனால்தான் இன்னும் எங்கேயும் அனுப்பாமல் வைத்திருக்கிறேன். ஆனால் எனக்கு விளக்கம் போதாது. எழுதக்கூடிய ஏதாவது வேண்டும். இலையுதிர்கால விடுமுறைக்குள் கொண்டுவா."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். லித்துவேனியக்காரி எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்வதற்கு அவளுக்கு வராது. அதற்குப் பதிலாக வேறொன்றைச் சொன்னாள்.

"இங்கே இவர்கள் டேட்டா என்று சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. ஏதோ பெட்டிக்குள்ளிருந்து தானாக விழுந்த பொருள் மாதிரி. எங்கள் மொழியில் துவோமெனீஸ் என்போம். துவோத்தி என்றால் கொடுப்பது. துவோமெனீஸ் என்றால் கொடுக்கப்பட்டவை."

பாணைத் தட்டில் வைத்தேன். தரவு. தா, தரு, தரவு. உயர்தர வகுப்பிலிருந்து பட்டம் வரைக்கும் தமிழில் படித்தவள் நான். "பின்வரும் தரவுகளைக் கொண்டு" என்று தொடங்கும் கணக்குகளை எத்தனை செய்திருப்பேன்! அந்தச் சொல்லுக்குள் ஒரு கை நீண்டிருப்பதை ஒரு தடவையாவது பார்த்ததில்லை. அதைக் காட்ட பால்டிக் கடற்கரையிலிருந்து ஒருத்தி வரவேண்டியிருந்தது.

"எங்கள் மொழியிலும் அப்படித்தான்," என்றேன். அவளால் நம்ப முடியவில்லை. காகிதக் கைத்துடைப்பில் தமிழில் எழுதிக் காட்டச் சொன்னாள். எழுதினேன். அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றாள்.

"கொடுக்கப்பட்டது என்றால் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார்," என்று தொடர்ந்தாள். "நான் சின்னவளாக இருந்தபோது எங்களிடம் ஒரு பசு இருந்தது. கூட்டுப்பண்ணைக் காலம். பால் எவ்வளவு என்று குறிக்க ஓர் அலுவலர் வருவார். நிறைய என்று சொன்னால் நிறையக் கேட்பார்கள். அதனால் அம்மா எப்போதும் பாதியைத்தான் சொல்வார். இன்றைக்கும் ஏதோ ஓர் அலுவலக அலுமாரியில் எங்கள் பசு நோயாளிப் பசுவாகக் கிடக்கும்."

"பாவம், பசு."

"பசுவுக்கு என்ன குறை? பசு தந்தது நிறைய. குறைவாகத் தந்தது அம்மா. கணக்கில் ஏறியது அம்மா தந்தது."

சிரித்தேன். சிரித்து முடிவதற்குள் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தரவு என்பது நிலத்தில் கிடக்கும் கல், நாங்கள் குனிந்து பொறுக்குகிறோம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பொறுக்குவதில் கவனமாக இருந்தால் போதும் என்றுதான் எனக்குப் பழக்கியிருந்தார்கள். ஆனால் இது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வருவது. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று கொடுக்கிற கை தீர்மானிக்கிறது. அந்த அக்கா பொய் சொல்லவில்லை. தன் பிள்ளைமீது இருக்கிற பயத்தை எனக்குத் தந்தார். நான் அதைப் பிள்ளையின் வயிறு என்று எழுதிவிட்டேன்.

அப்படியானால் அந்தக் கை மனமுவந்து எதைத் தரும்? அதுதான் தெரியவில்லை. பின்னேரம் முழுவதும் கேள்விகளை எழுதி எழுதி வெட்டினேன். சாப்பாட்டில் விருப்பம் உண்டா, பசி எப்படி, மற்றப் பிள்ளைகளோடு பார்க்கும்போது எப்படி? எல்லாவற்றுக்கும் என்ன பதில் வரும் என்று எனக்கே தெரிந்தது. ஒண்டும் சாப்பிடுறானில்லை.

வீட்டுக்கு வந்து மகளுக்கு ஊட்டி முடித்து, கறிச்சட்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். கணவர் தபால் பிரிக்கும் வேலையிலிருந்து களைத்து வந்தார். வந்ததும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"பிள்ளை சாப்பிட்டதோ?"

"என்னத்தைச் சாப்பிட்டது! காலமை முட்டையும் பாணும் குடுத்தன். பார்னஹாகெக்கு இடியப்பம் கட்டிக் குடுத்தன். வந்த உடனை பாலும் வாழைப்பழமும் குடுத்தன். பிறகு சோறும் பருப்பும் குழைச்சு, மீனிலை முள்ளெடுத்து, உந்த ஜன்னல் கரையிலை நிண்டு ரயில் காட்டிக் காட்டி ஊட்டினன். என்ரை கை உளைஞ்சு போச்சு."

"அப்ப பிள்ளை வடிவாச் சாப்பிட்டிருக்குது."

"நான் அப்பிடிச் சொன்னனானே?"

"நீர் சொல்லேல்லை. சட்டி சொல்லுது. எனக்கு ஒரு துண்டு மீனும் இல்லை."

கையில் கரண்டியோடு அப்படியே நின்றேன். பிள்ளை சாப்பிட்டதா என்றால் வாய் மூடிக்கொள்கிறது. நான் என்ன கொடுத்தேன் என்றால் அணை உடைந்ததுபோல் கொட்டுகிறது. அது பிள்ளையைப் பற்றிய புகழ் அல்ல, என் கையுளைவைப் பற்றிய முறைப்பாடு. முறைப்பாட்டுக்குக் கண்ணூறு படாது. அதில் எதையும் குறைக்க நான் மாட்டேன். எந்தத் தாயும் மாட்டாள். கொடுத்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு? இரண்டையும் கேட்டால் போதும். பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கத் தேவையில்லை.

"என்னப்பா, ஏன் சிரிக்கிறீர்?" என்றார் அவர்.

"இருங்கோ, முட்டை பொரிச்சுத் தாறன்," என்றேன். அன்று அவருக்கு இரண்டு முட்டை பொரித்தேன்.

காலையில் வழக்கம்போலச் சந்தேகங்கள் வந்து வரிசையில் நின்றன. ஆய்வின் நடுவில் கேள்வியை மாற்றலாமா? இது அந்தப் பெண்களிடமிருந்து தந்திரமாகப் பறிப்பது ஆகாதா? தலைவி சிரித்துவிட்டால்? ஆனாலும் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உன் ஆட்களிடம் மட்டும் புதிய கேள்வியைக் கேட்டால் மற்றவர்களோடு ஒப்பிட முடியாது. கேட்பதென்றால் நான்கு மொழியிலும், எல்லா வீட்டிலும், ஒரே மாதிரிக் கேட்போம்," என்றார். ஒரு சட்டியைப் பார்த்து வந்த யோசனைக்காக எல்லோரும் மறுபடி வீடு வீடாக ஏற வேண்டும். பிழைத்தால் நான்கு மொழியிலும் பிழைக்கும்.

நான் முதலில் போனது ஹவுகன்ஸ்டுவா அக்காவிடம்தான். கேட்டு எழுதி முடிக்கும் வரை காரணத்தைச் சொல்வதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். சொல்லிவிட்டுக் கேட்டால் பதில் அதற்கேற்ப வளைந்துவிடும்.

"அக்கா, நேற்றுத் தம்பிக்கு நீங்கள் என்னென்ன குடுத்தனீங்கள்? எவ்வளவு மிச்சம் வந்தது? அதை மட்டும் சொல்லுங்கோ."

அக்கா சோபாவில் நிமிர்ந்து, முந்தானையைச் சொருகிக்கொண்டார்.

"நேற்றோ? நேற்று விடிய எழும்பிப் புட்டு அவிச்சன். நீர் நினைக்கிறீர் சும்மா புட்டு எண்டு. அவருக்கு முட்டை கலந்து பிரட்டிக் குடுக்கவேணும். பிறகு பால். பார்னஹாகெக்குப் பாணும் சீஸும். வரேக்கை வழியிலை பசிக்குது எண்டு வாழைப்பழம். வந்து சோறு. கோழிக் கால் ரெண்டு..."

என் பேனை அவரைத் துரத்தி ஓடியது.

"மிச்சம், அக்கா?"

"மிச்சமோ! இந்த வீட்டிலை அவன் எங்கை மிச்சம் விடுறான்..." சொல்லிவிட்டுத் திடுக்கிட்டு வாயில் கைவைத்தார். மகனை இழுத்து அவன் தலையைத் தடவி, "தூ, தூ. என்ரை கண்ணே பட்டிடும்," என்றார்.

உள்ளறையிலிருந்து அவருடைய கணவரின் குரல் கேட்டது. "மிச்சம் இருந்தா எனக்கெல்லோ தெரியும், தங்கச்சி! நான்தானே பாண் திண்டுட்டுப் படுக்கிறனான்."

தாளை மூடிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள் என்று அறிக்கை வரப்போகிறது, அதைத் தடுக்கத்தான் மறுபடி வந்தேன் என்றேன். அக்காவின் முகம் வெளிறியது. பிறகு சிவந்தது.

"பட்டினியோ? எங்கட பிள்ளையளோ? ஆர் எழுதினது அப்பிடி?"

"நீங்கள் சொன்னதைத்தான் நான் எழுதினனான்."

"நான் சொன்னா நீர் எழுதுறதே? நீர் தமிழ்ப் பிள்ளையெல்லே!"

எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தந்ததில்லை. அக்கா தொலைபேசியைக் கையில் எடுத்து, மற்றவர்களுக்கும் சொல்லி எச்சரிக்கட்டுமா என்று கேட்டார். நான் கேட்டு முடியும் வரைக்கும் ஒருவரிடமும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். சொல்லவில்லை. எங்கள் ஆட்களிடையே இப்படி ஒரு செய்தி வாய்க்குள் நின்றது அந்த ஆய்வின் மிகப் பெரிய அதிசயம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வீடு அணை உடைந்தது. ஒரு தாய் தான் கொடுத்ததை எண்ண விரல் போதாமல் என் விரல்களையும் பிடித்து எண்ணினார். இன்னொருவர் சமையலறைக்கு அழைத்துப்போய் வெறும் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். எல்லோரும் களைப்பைச் சொன்னார்கள், முதுகு நோவைச் சொன்னார்கள், உதவாத மனிசன்மாரைச் சொன்னார்கள். ஒருவரும் பிள்ளை நன்றாகச் சாப்பிட்டது என்று சொல்லவில்லை. என் தாள்கள் நிரம்பின.

லித்துவேனியக்காரி தாள்களை ஏற்றி முடித்த நாளில் என்னைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, "கண்ணை மூடு," என்றாள். மூடினேன். விசையைத் தட்டும் சத்தம் கேட்டது. "திற."

அடிக்கட்டை மரமாகியிருந்தது. நான்காவது தூண் மற்ற மூன்றோடும் தோளோடு தோள் நின்றது. பிள்ளைகளின் நிறையோடு அது சரியாகப் பொருந்தியது. நான் எழுந்து அவளைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அலுவலகத்தில் அப்படிச் செய்யலாமா என்று பிறகுதான் யோசித்தேன்.

"பொறு, இன்னும் இருக்கிறது," என்றாள். "நோர்வேஜியர்களைப் பார்."

அவர்களுடைய தூண் முன்பைவிடச் சற்றுத் தணிந்திருந்தது. முதல் தடவை கேட்டபோது அந்த வீடுகளில் பிள்ளைகள் கரட்டையும் மீனையும் கறுப்புப் பாணையும் விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்று பதில் வந்திருந்தது. இரண்டாம் தடவையும் அவர்கள் உண்மையாகவே கரட்டும் மீனும் கறுப்புப் பாணும் கொடுத்திருந்தார்கள். மிச்சம் என்ன என்று கேட்டபோது, கரட், மீன், கறுப்புப் பாண் என்று நேர்மையாகச் சொல்லியிருந்தார்கள்.

"உன் ஆட்கள் குறைத்துத் தந்தார்கள், இவர்கள் கூட்டித் தந்தார்கள்," என்று அவள் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். "துவோமெனீஸ்! நான் சொல்லவில்லையா?"

அடுத்த வாரம் எல்லோரும் கூடிய கூட்டத்தில் தலைவி என்னையே எழுந்து விளக்கச் சொன்னார். எழுந்தேன். முதல் இரண்டு வசனத்தில் இலக்கணம் பிழைத்தது எனக்கே கேட்டது. பிறகு கண்ணூறைப் பற்றிச் சொன்னேன், கொடுக்கிற கையைப் பற்றிச் சொன்னேன், பெயரோ இடமோ சொல்லாமல் கவிழ்த்த சட்டியைப் பற்றிச் சொன்னேன். அறை நிமிர்ந்து கேட்டது. மூத்த ஆய்வாளர் ஒருவர், "நீ இதை நம்புகிறாயா?" என்று கேட்டார்.

"இல்லை. ஆனால் என் மகள் நன்றாகச் சாப்பிடுவாளா என்று கேட்டால், ஒன்றும் சாப்பிடுவதில்லை என்றுதான் நானும் சொல்வேன்."

சிரிப்பு அறை முழுவதும் பரவியது. அது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பல்ல, என்னோடு சேர்ந்து சிரித்தது. அந்த வித்தியாசம் ஒரு வெளிநாட்டுக்காரிக்கு முதுகுத்தண்டில் தெரியும்.

தலைவி பழைய அட்டவணையை எடுத்து எல்லோருக்கும் முன்னால் இரண்டாகக் கிழித்தார். கூர்மையான, மகிழ்ச்சியான சத்தம். எங்கேயும் எதையும் தெரிவிக்க வேண்டியதில்லை என்றார். அறிக்கை புதிய கேள்வியிலிருந்து எழுதப்படும், அந்தக் கேள்வி எப்படிப் பிறந்தது என்பதை முதல் அத்தியாயத்தில் நானே எழுத வேண்டும் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடுத்த ஆய்வு முதியவர்களின் தூக்கத்தைப் பற்றியது. அதற்குரிய கேள்விகளை, எல்லா மொழிக்கும் சேர்த்து, நீ எழுதுவாயா? நிரந்தர ஊழியராக?"

யோசித்துச் சொல்கிறேன் என்பதுதான் என் வாழ்நாள் முழுவதும் நான் சொல்லிவந்த பதில். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன், என்னால் முடியுமா தெரியவில்லை, வேறு தகுதியானவர் இருந்தால் பாருங்கள். எல்லாம் நாக்கு நுனியில் தயாராக நின்றன. அவற்றைத் தள்ளிக்கொண்டு வேறொன்று வெளியே வந்தது.

"ஓம்," என்றேன்.

சத்தமாக, தமிழில்தான் வந்தது. அறையில் ஒருவருக்கும் அது விளங்காமல் போகவில்லை.